விரல் மட்டும் ஆடினால் போதுமா?

‘கேமை விட்டுத் தொலை, உடம்பு தானா சரியாகும்!’ வீட்டுக்கு வீடு கேட்கும் அறிவுரை இது. ஆனால், கேமை விடாமலேயே கட்டான, கொழுப்பு குறைந்த உடம்போடு வாழ முடியும். எப்படி?

2020 ஜூன் மாதம், சீன இ-ஸ்போர்ட்ஸ் ரசிகர்களை உலுக்கிய ஓர் அறிவிப்பு வெளியானது. ‘உஸி’ என்ற பெயரில் புகழ்பெற்ற ஜியான் ஸிஹாவ் ஓய்வு பெறுகிறார். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ காட்சிப் போட்டியாக நடந்தபோது தங்கம் வென்ற சீன அணியில் ஆடியவர். அவர் முன்னால் வந்து நின்றாலே எதிரணி தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளும். ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 23.

காரணத்தை அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுக்கணக்கான மன அழுத்தம், உடல் பருமன், நேரம் தவறிய சாப்பாடு, விடிய விடியக் கண்விழிப்பு. எல்லாம் சேர்ந்து இரண்டாம் வகை சர்க்கரை நோயைக் கொண்டுவந்திருந்தன. கைகளிலும் தீராத வலி. பிறகு 2022-ல் அவர் களத்துக்குத் திரும்பினார் என்பது உண்மைதான். ஆனால், ஓர் இளைஞனின் உச்ச காலத்தை உடம்பு பறித்துக்கொண்டது என்பதும் உண்மை.

உஸி சொன்ன காரணங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அந்தப் பட்டியலில் ‘கேம்’ என்ற சொல்லே இல்லை. அவற்றின் பின்னே இருப்பவை: உட்கார்ந்தபடியே போகும் மணிநேரங்கள், கணக்கில்லாத தீனி, களவுபோகும் தூக்கம். இந்த மூன்றும் கேமோடு சேர்ந்தே வருவதால் நாம் நாலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். மூன்றையும் ஆட்டத்திலிருந்து பிரித்தெடுத்துவிட்டால், மிஞ்சும் ஆட்டம் உடம்புக்குப் பகையாகாது.

நாற்காலி செய்யும் வேலை

உட்கார்ந்தே இருப்பதன் ஆபத்தை முதலில் எண்ணிக் காட்டியது லண்டனின் மாடிப் பேருந்து. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் அந்த நகரத்தின் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரை ஆராய்ந்து, 1953-ல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசித்து வேலை பார்த்தவர்கள். ஆனால், நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களைவிட, இருக்கையை விட்டு நகராத ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது.

விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தோ சாய்ந்தோ இருந்து, சும்மா இருக்கும்போது ஆகும் செலவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆற்றலைச் செலவிடாத நிலையைத்தான் ஆய்வாளர்கள் ‘அசைவற்ற நிலை’ என்கிறார்கள். பெரும்பாலான கேம்கள் இந்த எல்லையை ஒட்டியே நிற்கின்றன. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேம் ஆடினால் செலவாவது ஏறத்தாழ 100 கலோரி. அதே ஒரு மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் 240 கலோரியை ஒட்டிப் போகும்.

‘ஸோன் சுருங்கும்போது நெஞ்சு படபடன்னு அடிக்குதே, அதுல கலோரி எரியாதா?’ என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தப் படபடப்பு அட்ரினலின் சுரப்பதால் வருவது. ஓடும்போது இதயம் வேகமாக அடிப்பது, உழைக்கும் தசைகளுக்கு ரத்தம் அனுப்ப. நாற்காலியில் இதயம் மட்டும் வேகமெடுக்கிறது. தொடையும் புட்டமும் கெண்டைக்காலும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. உடம்பின் பெரிய தசைகள் அவை. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்பவை தசைகள். அவை வேலை செய்யாத நேரத்தில் கணையத்தின் சுமை கூடுகிறது.

ஒல்லியாக இருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

‘நான் எவ்வளவு ஆடினாலும் வெயிட் போடறதே இல்லை’ என்பவர்கள் ஒரு பிரபலமான ஒளிப்படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 2004-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. புணேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றுதான்: 22.3. பார்த்தால் இருவருமே ஒல்லி. உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவிகிதம்!

தெற்காசிய உடல்வாகு இப்படித்தான். கை கால் மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். அதனால்தான் நமக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலே ஆபத்து என்றும் வரையறுத்திருக்கிறார்கள். சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர், நோயின் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்று தெரியவந்தது.

ஆகவே எடை இயந்திரத்தைவிட ஓர் இஞ்ச் டேப் உங்களுக்கு அதிகம் உதவும். மாதம் ஒருமுறை, தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபடி அளந்து எழுதிவையுங்கள். எடை மாறாமல் இடுப்பு மட்டும் ஏறினால், தசை கரைந்து கொழுப்பு சேர்கிறது என்று பொருள்.

கண் திரையில், கை தட்டில்

2011-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பதின்வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு நாள் ஒரு மணி நேரம் கால்பந்து வீடியோ கேம் ஆடவைத்தார்கள். இன்னொரு நாள் ஒரு மணி நேரம் சும்மா உட்காரவைத்தார்கள். இரண்டு நாளும் பிறகு விரும்பியதைச் சாப்பிடலாம். கேம் ஆடிய நாளில் அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டது சுமார் 80 கலோரி. வியப்பு என்னவென்றால், பசி கூடியதாக அவர்கள் யாருமே உணரவில்லை. பசிக்காமலே உள்ளே போனது அந்தச் சாப்பாடு.

ஒரு மணி நேர ஆட்டத்துக்கே இப்படி என்றால், மிக்சர் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் ஆடுபவரின் கதி? கவனமெல்லாம் திரையில் இருக்கும்போது, ‘போதும்’ என்று வயிறு சொல்வது மூளைக்கு எட்டுவதில்லை. எனவே விதி ஒன்று: கீபோர்டும் தட்டும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது. சாப்பிட வேண்டுமா? கேமை நிறுத்துங்கள், எழுந்து போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிறகு வாருங்கள். இந்த ஒரே பழக்கம் பல டயட் சார்ட்டுகளைவிட அதிகம் சாதிக்கும்.

விதி இரண்டு: குடிப்பதில் இனிப்பு வேண்டாம். பரவலாக விற்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்க் கேனில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே கேனில் கணக்கு முடிந்துவிட்டது. அதிலுள்ள 80 மில்லிகிராம் காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். இரவு ஒன்பதுக்குக் குடித்தது, பின்னிரவு இரண்டு மணிக்கும் தூக்கத்தைத் தடுக்கும். தண்ணீர், நீர்மோர், சர்க்கரை இல்லாத எலுமிச்சை ஜூஸ் ஆகியவை போதும். தண்ணீரை நிறையக் குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்குமே என்கிறீர்களா? அதுவும் லாபம்தான்.

விதி மூன்று: ஒவ்வொரு வேளையிலும் புரதம். நம் தட்டில் சோறும் இட்லியும் தோசையும் நிறைந்திருக்கின்றன. பருப்பு கரண்டியளவில் நின்றுவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2020 பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை. 65 கிலோ இருப்பவருக்கு அது 54 கிராம். முட்டை, மீன், கோழி, பயறு, தயிர் இவற்றைக் கூட்டி, சோற்றைக் குறைத்தால் வயிறும் நிறையும், நள்ளிரவுப் பசியும் அடங்கும். மாலையில் கொறிக்க வேண்டும் என்றால் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கொய்யா, ஒரு கைப்பிடி வறுத்த கடலை. கைப்பிடி என்றால் கைப்பிடிதான். பாக்கெட் முழுக்க அல்ல.

மேட்ச்சுக்கும் மேட்ச்சுக்கும் நடுவே

2012-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் டன்ஸ்டன் குழு, அதிக எடை கொண்ட 19 பேரை ஐந்து மணி நேரம் உட்காரவைத்துச் சோதித்தது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டே நிமிடம் அவர்கள் மெதுவாக நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை சுமார் 24 சதவிகிதம் குறைந்தது. 2023-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 11 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், அரை மணிக்கு ஐந்து நிமிட நடை, பெரிய சாப்பாட்டுக்குப் பின் வரும் சர்க்கரை ஏற்றத்தைப் பாதிக்கு மேல் அடக்கியது. ஆய்வுகள் சிறியவை, ஆனால் ஒரே திசையைக் காட்டுகின்றன: உட்காரும் நேரத்தைத் துண்டு துண்டாக்கினால் உடம்பு நன்றி சொல்லும்.

கேம் ஆடுபவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அலுவலக வேலையில் இடைவேளையை நாமாக உருவாக்க வேண்டும். கேமில் அது ஏற்கெனவே இருக்கிறது. பி.ஜி.எம்.ஐ-யில் ஒரு பெரிய மேட்ச் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். வேலொரன்ட்டில் ஒரு மேட்ச் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை க்யூவில் காத்திருக்க வேண்டும். அவுட் ஆனபின் நண்பர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம், லோடிங் நேரம், கதை சொல்லும் காட்சிகள் ஓடும் நேரம் எல்லாமே உங்களுக்காக விட்டுவைத்த இடைவெளிகள். அப்போது மொபைலை எடுத்து ரீல்ஸ் பார்ப்பதற்குப் பதிலாக எழுந்து நில்லுங்கள். ஒரு மேட்ச் முடிந்தால் 15 பஸ்கி. அவுட் ஆனால் மாடிப்படி ஒருமுறை ஏறி இறங்குதல். ஹெட்செட்டில் பேசிக்கொண்டே அறைக்குள் நடக்கலாமே!

இதனால் ஆட்டம் கெடுமோ என்ற பயம் வேண்டாம். நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மணி நேர ஆட்டத்தின் நடுவே ஆறு நிமிடம் நடந்துவிட்டு வந்த வீரர்களின் திட்டமிடும் வேகம், தொடர்ந்து உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட மேம்பட்டிருந்தது. எழுந்து நடப்பது ரேங்க்கையும் காப்பாற்றும்.

தண்டால், பஸ்கி, வேகநடை

இடைவேளை அசைவு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைப்பயிற்சி என்பது 2020-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரி 60 நிமிடம்.

நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல் உட்காருகிறவர்களுக்கு? பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அலசி 2016-ல் ‘லான்செட்’டில் வெளிவந்த ஆய்வு ஒரு நம்பிக்கையான பதிலைத் தருகிறது. தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான பயிற்சி செய்தவர்களிடம், நீண்ட நேரம் உட்காருவதால் கூடும் மரண அபாயம் ஏறத்தாழ இல்லாமலே போனது. பகலில் கம்ப்யூட்டர் வேலை, இரவில் கேம் என்று வாழும் ஐ.டி. ஊழியர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

ஜிம் கட்டணம் இல்லாமலே இதைச் செய்யலாம். தண்டாலும் பஸ்கியும் நம் ஊர்ப் பயில்வான்கள் காலங்காலமாகச் செய்த பயிற்சிகள். தரையில் தண்டால் எடுக்க முடியாதவர்கள் முதலில் சுவரில், பிறகு கட்டிலின் விளிம்பில் கை ஊன்றிச் செய்யலாம். கேம் ஆடுபவர்களின் தோள் முன்னோக்கி வளைந்துவிடுவதால், முதுகுக்கு இழுக்கும் பயிற்சி கட்டாயம் வேண்டும். குனிந்து நின்று ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை இடுப்பை நோக்கி இழுத்தாலே போதும். இந்த மூன்றோடு ஒரு நிமிட பிளாங்க். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வாரம் மூன்று நாள் செய்யுங்கள். எளிதானதும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நடைக்கு இடம் தேடுகிறவர்களுக்கு, தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கிலோமீட்டர் பாதைகள் இருக்கின்றன. நேரம் முக்கியம்: ஆடி முடித்த பிறகு நடக்கலாம் என்றால் நடக்கவே மாட்டீர்கள். முதலில் நடை, பிறகு லாகின்.

உடம்பை அசைக்கும் கேம்கள்

கேமே உடற்பயிற்சியாக முடியுமா? 1998-ல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ இயந்திரத்தைக் கொண்டுவந்தபோதே இந்தக் கேள்வி பிறந்துவிட்டது. காலால் மிதித்து ஆடும் அந்த கேமைத் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் வைக்கப்போவதாக, அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா மாநிலம் 2006-ல் அறிவித்தது. நின்டெண்டோவின் ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ 2019-ல் வந்தது. கையில் ஒரு வளையத்தை அழுத்தியும் இழுத்தும், இருந்த இடத்தில் ஓடியும் அரக்கர்களை வீழ்த்த வேண்டும். வி.ஆர். கருவி அணிந்து ஆடும் ‘பீட் சேபர்’ அரை மணியில் வியர்வையில் நனைத்துவிடும்.

2016-ல் உலகையே தெருவுக்கு இழுத்த ‘போக்கிமான் கோ’ ஓர் உண்மையையும் கற்றுத்தந்தது. முதல் வாரத்தில் ஆடியவர்கள் தினமும் சராசரி 955 காலடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார்கள். புதுமை தீர்ந்தால் கால்களும் நின்றுவிடுகின்றன. எனவே இவற்றை வாரத்தில் ஓரிரு நாள் விருந்தாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடப் பயிற்சியை இவற்றை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மணிக்கட்டும் தூக்கமும்

2023 ஜூலையில் தென்கொரியாவின் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ வீரர் ‘ஃபேக்கர்’ கைவலியால் சில வாரங்கள் ஒதுங்கியபோது, அவருடைய டி1 அணி தொடர்ந்து தோற்றது. ஓய்வெடுத்துத் திரும்பியவர் நவம்பரில் சியோலில் உலகக் கோப்பையை வென்றார். வலியைப் பொருட்படுத்தி நிறுத்தியது அவர் செய்த புத்திசாலித்தனம். அமெரிக்க, கனடியக் கல்லூரி இ-ஸ்போர்ட்ஸ் வீரர்கள் 65 பேரிடம் எடுத்த 2019 ஆய்வில் 56 சதவிகிதத்தினருக்குக் கண் சோர்வு, 42 சதவிகிதத்தினருக்குக் கழுத்து, முதுகு வலி, 36 சதவிகிதத்தினருக்கு மணிக்கட்டு வலி. மருத்துவரிடம் போனவர்கள் வெறும் 2 சதவிகிதம்! விரல் மரத்துப்போனாலோ, வலி சில நாட்களில் விடவில்லை என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் காத்திருக்கவே கூடாது. அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

உடம்பு இளைக்க வேண்டும் என்பவர்கள் கடைசியில் நினைப்பதும் முதலில் இழப்பதும் தூக்கம்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா தசாலி குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய, அதிக எடையுள்ள 80 பேர் பங்கேற்றார்கள். தூக்கத்தைச் சுமார் 1.2 மணி நேரம் நீட்டிக்க வழிகாட்டப்பட்டவர்கள், யாரும் டயட் சொல்லாமலே நாளுக்கு ஏறத்தாழ 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். முன்னே சொன்ன ஒரு மணி நேர வேகநடையைவிட இது அதிகம். ‘லாஸ்ட் மேட்ச் மச்சி’ என்ற சொல்லுக்கு ஒரு கடிகார நேரம் வையுங்கள். பதினொன்று என்றால் பத்தரைக்குப் பிறகு புது மேட்ச்சே தொடங்காதீர்கள்.

எல்லை தாண்டினால்…

ஆட்டத்தை நிறுத்த நினைத்தும் முடியவில்லை, படிப்பு, வேலை, உறவு எல்லாம் பின்னால் போகின்றன, கெடுதல் தெரிந்தும் தொடர்கிறது. இந்த நிலை ஓராண்டாக நீடித்தால், அது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே உண்டு. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆடுகிறவர்களில் சிலரே இந்த நிலைக்குப் போகிறார்கள் என்பதைப் பெற்றோரும் நினைவில் வைக்க வேண்டும். வைஃபையை அணைத்துச் சண்டை போடுவதைவிட, ‘இந்த மேட்ச் முடிஞ்சதும் வா தம்பி, ஒரு நடை போயிட்டு வரலாம்’ என்று கூப்பிடுங்கள். மேட்ச் நடுவில் கூப்பிடாதீர்கள். அவன் அணியில் இன்னும் மூன்று பேர் அவனை நம்பி ஆடிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டத்தோடு உடம்பையும் கவனிப்பதற்கு முன்னுதாரணம் உண்டு. டென்மார்க்கின் ‘அஸ்ட்ராலிஸ்’ அணி விளையாட்டு உளவியலாளரை அமர்த்தி, உடற்பயிற்சியையும் ஓய்வையும் பயிற்சியின் பகுதியாக்கியது. ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’கில் நான்கு மேஜர் பட்டங்களை வென்றது. இங்கே இ-ஸ்போர்ட்ஸ் அணி தொடங்கும் கல்லூரிகளும், போட்டி நடத்துபவர்களும் அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கித் தரும் கல்லூரி, அதே மாணவர்களை வாரம் மூன்று நாள் மைதானத்திலும் இறக்கட்டும். போட்டி அட்டவணையில் நடந்துவர இடைவேளை இருக்கட்டும். நள்ளிரவைத் தாண்டி இறுதிப்போட்டி வைக்காமல் இருக்கட்டும். ஆடுகிறவரின் உடம்பையும் ஆட்டத்தின் பகுதியாகப் பார்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றினால், இருபது வயதில் கேமைக் காதலிக்கிறவர்கள் அறுபது வயதிலும் அதை ஆடுவார்கள்.